மூக்கு ரோஸ்தான், காது கேட்குதா?

கேள்வி: அண்ணாச்சி, தோட்டக் காவலுக்கு ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கலாம்னு இருக்கேன். ஒருத்தர் கிட்ட இருக்கிற குட்டி சுத்த வெள்ளை, மூக்கு ரோஸ், ‘இதுதான் ஒரிஜினல்’ என்று இரண்டு மடங்கு விலை சொல்கிறார். இன்னொருத்தர் கிட்ட உள்ள குட்டிக்கு ஒரு காதில் பழுப்பு மறு இருக்கு. கலப்பா இருக்குமோ? எதை வாங்கட்டும்?
- சங்கரன்கோவில் வாசகர்

பதில்: தம்பி, காவலுக்கு நாய் வேண்டும் என்கிறீர்கள், ஆனால் கேட்டதெல்லாம் நிறத்தைப் பற்றி. அந்தக் குட்டிக்குக் காது கேட்குமா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கேட்க வேண்டும். உள்காதில் நிறமிச் செல்கள் இருந்தால்தான் சத்தத்தை வாங்குகிற நுண்ணிய செல்கள் பிழைத்திருக்கும். தோலை வெளுக்க வைக்கிற அதே மரபணு சில குட்டிகளில் காதையும் வெளுக்க வைத்துவிடும், பிறந்த மூன்று நான்கு வாரத்துக்குள் கேட்கும் திறன் போய்விடும். கரும்புள்ளி போட்ட டால்மேஷன் நாயிலும் இதே கதைதான். அதற்காக வெள்ளை நாயெல்லாம் செவிடு என்று கிளப்பிவிடாதீர்கள், பெரும்பாலானவை நன்றாகவே கேட்கும். ஆனால் தலைமுறை தலைமுறையாக மறு விழுந்த குட்டியைக் கழித்து, வெள்ளையோடு வெள்ளையையே சேர்த்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? அந்தப் பழுப்புக் காதைப் பார்த்து மட்டும் கலப்பு என்று சொல்லிவிட முடியாது. நிறமி அங்கே எட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

தென்காசிப் பக்கம் என் அத்தான் தோப்பில் இப்படி ஒரு ரோஸ் மூக்கு இருந்தது. ‘கூப்பிட்டாத் திரும்பாது மாப்ளே, அவ்வளவு திமிரு’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் மத்தியானம் தேங்காய் ஏற்ற வந்த டெம்போ ரிவர்ஸில் வருகிறது, ஹார்ன் அடிக்கிறான், வேப்ப மரத்தடியில் இது சுருண்டு கிடக்கிறது, காது மடல் கூட அசையவில்லை. டிரைவர் இறங்கி வந்து பக்கத்தில் தரையை ஓங்கி மிதித்த பிறகுதான் எழுந்தது, அதுவும் அதிர்வு பட்டு. திமிராம்!

மற்ற குட்டிகளோடு இருக்கும்போது செவிட்டுக் குட்டியைக் கண்டுபிடிக்க முடியாது, அண்ணன் தம்பி ஓடினால் அதுவும் ஓடும். தனியாகத் தூங்க விட்டு, பின்பக்கம் தள்ளி நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். கை தட்டாதீர்கள், காற்று பட்டு விழித்துக்கொள்ளும். ஒரு காது மட்டும் போயிருந்தால் இதிலும் தெரியாது, அதற்குச் சத்தம் கேட்கும்போது மூளையில் எழும் மின் அலைகளைப் பார்க்கிற பரிசோதனை இருக்கிறது. திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இதற்கு வழி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் விற்கிறவர். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள், ‘அது வேற ஊர்ல நிக்கி’ என்றால் வண்டியைத் திருப்புங்கள். தகப்பன் எது, தாய்க்கு அது என்ன முறை என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள், கல்யாணத்துக்கு இதைவிட அதிகம் விசாரிக்கிறோம். 2017-ல் வந்த மத்திய அரசு விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, பெட்டை நாயை வருஷத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் ஈன வைக்கக் கூடாது, வளர்த்து விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். நம்ம பக்கம் முப்பது நாள் குட்டியைப் பழக்கூடையில் வைத்து பஸ்ஸில் ஏற்றி விடுகிறார்கள். தடுப்பூசி அட்டையும் பாருங்கள். நாய் இனங்களைப் பதிவு செய்கிற கென்னல் கிளப் தரும் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், காதைப் பற்றிச் சொல்லாது.

நல்ல ஆள் உங்களையும் நாலு கேள்வி கேட்பார். கட்டிப் போடுவீர்களா, நிழல் உண்டா என்று. ரோஸ் மூக்கும் ரோஸ் தோலும் நம்ம சித்திரை வெயிலில் வெந்து புண்ணாகும், அதைச் சொல்லாமல் ரோஸுக்கென்று தனி விலை போடுகிறவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

சரி, இரண்டு இடத்துக்கும் சாவிக்கொத்தோடு போய் வாருங்கள். பழுப்புக் காதுக் குட்டியை அதுவரை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அட்வான்ஸ் கொடுத்து வையுங்கள்.