நடிகர் திலகத்தின் பழைய போஸ்டர்கள்

கேள்வி: 2001 ஜூலை 21-இல் மறைந்த சிவாஜி கணேசனின் நினைவு நாளில், ரசிகர்கள் சேர்த்துவைத்த பட போஸ்டர்கள், பாட்டுப் புத்தகங்களைக் காட்சிக்கு வைக்கிறோம். சிலவற்றில் பூஞ்சை. லேமினேட் செய்யலாமா? – வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் பிரிக்க முடியாது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வளரும். பினாங்கில் அது அன்றாடக் கதை. முதலில் ஏர்கோன் அறையில் காயவிடுங்கள், வெயிலில் அல்ல. நன்றாகக் காய்ந்தபின் முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும். கிழிசலுக்குச் செல்லோடேப்பும் கூடாது. பழுப்புக் கோடு அதன் பசையால் வருவதுதான்.

சுவரில் ஸ்கேன் எடுத்த படிகளையே மாட்டுங்கள். சிவாஜி முகத்தைத் தொடாமல் போகும் ரசிகர் உண்டா? அசலை, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் மடிக்காமல் படுக்கவையுங்கள்.