கேளுங்கள், சொல்கிறேன்: மலாக்காவில் ஒரு சனி, ஞாயிறு

கேள்வி: மனைவியோடு இரண்டு நாள் மலாக்கா போய்வர ஆசை. கார் இல்லை. ரயில் வசதியா, பஸ்ஸா? (வாசகர், செந்தூல்)

பதில்: பஸ்தான் ஐயா. கோலாலம்பூர் பண்டார் தாசேக் செலாத்தான் பஸ் முனையத்தில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் மலாக்கா சென்ட்ரல். அங்கிருந்து சிவப்புக் கட்டடங்கள் இருக்கும் சதுக்கத்துக்கு உள்ளூர் பஸ்ஸும் உண்டு, கிராப் வாடகைக் காரும் உண்டு. ரயிலில் போனால் தம்பின் பக்கம் இறங்கி, இன்னும் நாற்பது கிலோமீட்டருக்கு வண்டி தேட வேண்டும். முன்பு அங்கிருந்து மலாக்கா நகருக்குத் தண்டவாளம் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் பெயர்த்து, சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். தண்டவாளம் போன அதே இடத்துக்குத்தான் நம் தோட்டத்து ஆட்களையும் கொண்டுபோனார்கள். எத்தனையோ பேர் திரும்பவில்லை. மலாக்கா நகருக்கு ரயிலும் திரும்பவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். பசியாறுவதை அங்கே போய் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: போன விடுமுறையில் போனோம். "இடிந்த சுவரைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று பத்து வயது மகன் முகம் சுளித்தான். மறுபடி கூட்டிப்போகலாமா? (வாசகி, சிரம்பான்)

பதில்: பையன் கேட்டது நியாயம்தான் அம்மா. கதை சொல்லாமல் காட்டினால் அது வெறும் கல்தான்.

முதலில் கோட்டை வாயில். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் கட்டிய கோட்டை; 1641இல் டச்சுக்காரர் கைக்கு வந்தது. பிறகு வந்த ஆங்கிலேயர், இது நாளைக்கு வேறு யாருக்காவது பயன்படும் என்று பயந்து 1807இல் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். வேண்டாம் என்று வாதாடியவர், பின்னாளில் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ். அந்த ஒரு வாயில்தான் மிச்சம். அதன் மேலே 1670 என்று செதுக்கியிருக்கும். எங்கே என்று பையனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து குன்றேறி, கூரையில்லாத புனித பவுல் தேவாலயம். நம் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே ஊழியம் செய்த அதே சவேரியார், சீனக் கரையோரத் தீவு ஒன்றில் 1552இல் இறந்தார். உடலைக் கோவாவுக்குக் கொண்டுபோகும் வழியில் சில மாதம் இங்கேதான் புதைத்திருந்தார்கள். பிற்காலத்தில் அவருடைய வலது முன்கையை வெட்டி ரோமுக்கு அனுப்பினார்கள். தேவாலயத்தின் முன்னால் நிற்கும் அவருடைய சிலைக்கும் வலது கை கிடையாது. சிலையை அர்ச்சித்த மறுநாள் ஒரு மரம் விழுந்து அந்தக் கை உடைந்தது என்பார்கள். இதைக் கேட்டும் பையன் முகம் சுளித்தால் எனக்கு எழுதுங்கள்.

வெயில் ஏறுமுன் குன்றிலிருந்து இறங்கிவிடுங்கள். அருங்காட்சியகம் ஒன்றே போதும்: ஆற்றோரம் கப்பல் வடிவில் நிற்கிறதே, அது. மலாக்காவில் அடித்த கொள்ளையோடு கடலில் மூழ்கிய போர்த்துகீசியக் கப்பலின் மாதிரி.

கேள்வி: மலாக்கா செட்டிகளுக்குத் தமிழே வராதாம், பெண்கள் சாரோங் கெபாயா உடுத்துகிறார்களாம். இவர்களைத் தமிழர் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? (வாசகர், கிள்ளான்)

பதில்: சேர்க்கவும் நீக்கவும் நாம் யார்? அவர்களுடைய முன்னோர் வந்தபோது ரப்பர் மரமே இந்த நாட்டுக்கு வரவில்லை. உங்கள் கொள்ளுப்பாட்டனார் கப்பலேற இன்னும் சில நூற்றாண்டு இருந்தது. சுல்தான்கள் காலத்து மலாக்காவில் தமிழ் வணிகர்கள் பெரும்புள்ளிகள். போர்த்துகீசியர் காலத்தில் நினா சட்டு என்ற வணிகர் பெண்டாஹாரா என்ற தலைமை அதிகாரி பதவிக்கே உயர்ந்தார். 1514இல் பதவி பறிபோகும் என்று தெரிந்ததும், தீ வளர்த்து அதில் இறங்கி மாண்டதாகப் போர்த்துகீசியர் எழுதிவைத்திருக்கிறார்கள். மானம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் தமிழ் வகுப்பு எடுக்கவில்லை.

பருவக்காற்றோடு கப்பலில் வந்த ஆண்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். பிள்ளைகள் தாயின் மொழியைப் பேசினார்கள். தமிழ் போயிற்று, சாமி போகவில்லை. தங்கவேலைக்காரர் தெருவான ஜாலான் துக்காங் எமாஸில் பொய்யாத விநாயகர் கோயிலைப் பாருங்கள். டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் 1781இல் அந்தச் சமூகம் எழுப்பியது. சில அடி நடந்தால் இந்திய முஸ்லிம் வணிகர்களின் பள்ளிவாசல். கும்மட்டத்துக்குப் பதில் அடுக்குக் கூரை, பகோடா போன்ற மினாரா. இன்னும் கொஞ்சம் நடந்தால் செங் ஹூன் தெங் சீனக் கோயில், 17ஆம் நூற்றாண்டு. இந்தத் தெருவுக்கு அரை நாள் கொடுத்தாலும் தகும்.

ஞாயிறு காலை காஜா பெராங் பக்கம், செட்டிகள் வாழும் கம்போங் செட்டிக்குப் போங்கள். போகியன்று பராச்சு என்று முன்னோருக்கு வாழையிலையில் சோறும் கறியும் பலகாரமும் படைக்கிறார்கள். ஜூன், ஜூலையில் பழப் படையல் வேறு. நம் வீடுகளில் எத்தனை பேர் இன்னும் படைக்கிறோம்? ஒன்று மட்டும்: அங்கே போய்த் தமிழில் கேள்வி கேட்டுப் பரீட்சை வைக்காதீர்கள்.

கேள்வி: மலாக்கா ஜோங்கர் தெரு இரவுச் சந்தை? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் உண்டு. கூட்டம் நெரியும், கடை திறக்கும்போதே போய், கூலா மலாக்கா என்ற பனைவெல்லப் பாகு ஊற்றிய செண்டோல் குடித்துவிட்டு, அடுத்த தெருவான ஹீரன் தெருவுக்கு நழுவிவிடுங்கள். மலாய் வழக்கங்களோடு கலந்த பழைய சீனர்களான பாபா நோன்யாக்களின் பழைய மாளிகைகள் வரிசையாக அங்கேதான்.

கேள்வி: பூ அலங்காரமும் பாட்டுமாக ஓடும் திரிஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டியில் ஏறலாமா? (வாசகர், ஜொகூர் பாரு)

பதில்: ஏறலாம். ஏறுமுன் கட்டணம் எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று பேசிக்கொள்ளுங்கள். பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.