மறதிநோய்க்கு மூலிகை: கேள்வி பதில்

கோண்டாவில்: அம்மாவுக்கு மறதி தொடங்கிட்டுது. நாளும் வல்லாரைச் சம்பல் குடுத்தால் மாறுமோ?

சம்பல் நல்ல சாப்பாடு, குடுங்கோ. மறதிநோயை மாற்றும் எண்டு ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. முதல் வைட்டமின் பி12, தைரொயிட் இரண்டுக்கும் இரத்தம் சோதியுங்கோ. மீன், இறைச்சி தொடாத ஆக்களுக்கு பி12 குறையலாம். அதால வந்த மறதி எண்டால், நேரத்தோட பிடிச்சால் தேற இடமிருக்கு.

சுன்னாகம்: மஞ்சள்?

கறிக்குப் போடுங்கோ. அதில் மருந்தெண்டு பேசப்படுற குர்குமின் எண்ட சத்து ஏறத்தாழ 3 வீதம்தான், இரத்தத்தில் சேருவது அதிலும் சொற்பம். மிளகுச்சத்துச் சேர்த்த குர்குமின் குளிசையால் ஈரல் பழுதான ஆக்கள் இருக்கினம்.

நல்லூர்: அப்ப மூலிகையால பலனே இல்லை எண்டுறீங்களோ?

இல்லை ஐயா. கிளினிக்கில் எழுதுற கலன்டமின் குளிசையின் மருந்து, பனித்துளிப் பூச்செடியில் இருந்து 1950களில் பிரித்தெடுத்தது. 2001இல் அமெரிக்கா அல்சைமர் மறதிநோய்க்கு அனுமதித்தது. நினைவுக்கு வேண்டிய மூளை இரசாயனமான அசற்றைல்கோலினைச் சிதைக்கிற நொதியை அது தடுக்குது. ரிவஸ்டிக்மின் எண்ட மற்ற மறதிநோய் மருந்தும் மேற்கு ஆபிரிக்காவின் கலபார் அவரையில் உள்ள சத்தைப் பார்த்துச் செய்ததுதான். நோயை மாற்றாது; சிலருக்குக் கொஞ்சக் காலம் தாங்கிப் பிடிக்கும்.

நல்லூர்: அப்ப அந்தப் பனித்துளிச் செடியின்ர கிழங்கை அவிச்சுக் குடிச்சால் காணுமே?

வேண்டவே வேண்டாம். அந்தக் கிழங்கு நஞ்சு, சத்தியும் வயிற்றோட்டமும் வரும். குளிசையையே நாளுக்கு 8 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்காய்ப் பொறுத்துத்தான் கூட்டுவினம். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு விழும். செடிக்குச் செடி சத்து மாறும். அவிச்ச தண்ணியில் எவ்வளவு இருக்கெண்டு எப்படி அளப்பீங்கள்?

நல்லூர்: தலைமுறை அறிவைத் தள்ளுறீங்கள். கிங்கோ எண்ட மர இலைச் சத்தை உலகமே எடுக்குது.

தள்ளவில்லை. கைதடியில் சித்த மருத்துவம் பல்கலைக்கழகப் படிப்பு. படித்த வைத்தியரிட்டைப் போங்கோ, அவர் தாறதைக் கிளினிக்கிலும் சொல்லுங்கோ. கிங்கோவை 3,069 முதியவர்களில் ஏறத்தாழ ஆறு வருசம் சோதித்தவை. 2008இல் முடிவு வந்தது: மறதிநோய் வாறது குறையவில்லை. இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுக்கிற ஆள் அதைத் தொட்டால் இரத்தக்கசிவுக்கு வழி. கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கோ.

சாவகச்சேரி: வல்லாரைக் குளிசை?

கோண்டாவிலுக்குச் சொன்னதை வாசியுங்கோ. குளிசையாய் எடுத்து ஈரல் பாதித்த ஆக்களும் உண்டு. கிளினிக்கில் சொல்லாமல் எடுக்க வேண்டாம்.

மானிப்பாய்: வல்லாரைச் சாறு?

மேலே பாருங்கோ.

பருத்தித்துறை: அம்மம்மா கலன்டமின் எடுக்கிறா. தடிமனுக்கு இரவில் குளோர்பெனிரமினும் போடுறா. இப்ப குழப்பம் கூடிட்டுது. நீர்ப்பிரமி மூலிகை குடுக்கட்டோ?

புதிசாய் ஒண்டும் குடுக்காதேங்கோ. கலன்டமின் கூட்டுற அசற்றைல்கோலினின் வேலையைத்தான் அந்தத் தடிமன் குளிசை மறிக்குது. குழப்பம் அதாலயும் வரலாம். நாளைக்கே எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டு, அவவையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கோ.