சென்சார் மாற்றிய கேமராவுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் விளம்பரப் படம் எடுக்கிறோம். செகண்ட் ஹேண்டில் இரண்டு ரெட் ஒன் டிஜிட்டல் சினிமா கேமரா வந்திருக்கிறது. ஒன்றில் பழைய மிஸ்டீரியம் சென்சார் (படத்தைப் பதியும் சில்லு). இன்னொன்று மிஸ்டீரியம்-எக்ஸ் மாற்றியது, விலை அதிகம். பழையதில் ஹாலஜன் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தால் நிழலெல்லாம் நீலப் புள்ளி. ‘ரா தானே, ஒயிட் பேலன்ஸை எடிட்டில் சரிபண்ணிக்கலாம்’ என்கிறார் விற்பவர். எதை வாங்குவது?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: மாற்றியதையே வாங்குங்கள். விற்பவர் சொன்னது பாதி உண்மை. ராவில், அதாவது சென்சார் பதிந்ததைப் பக்குவப்படுத்தாமல் சேமிக்கும் ஃபைலில், ஒயிட் பேலன்ஸ் வெறும் குறிப்புதான், பிறகு மாற்றலாம். ஆனால் சென்சாரில் விழாத நீலத்தை எடிட்டில் எங்கிருந்து கொண்டுவருவது? அந்தச் சென்சார் சுமார் 5000 கெல்வின் பகல் வெளிச்சத்துக்கு இணங்கியது (கெல்வின் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு: எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்). 3200 கெல்வின் ஹாலஜனில் சிவப்பு கொட்டும், நீலம் சொட்டும். வெள்ளையை வெள்ளையாக்க நீல சானலை ஏற்றும்போது அதன் நாய்ஸும், அதாவது நீங்கள் பார்த்த அந்தப் புள்ளிகளும், சேர்ந்தே ஏறுகிறது. மிஸ்டீரியத்தை 320 ஐஎஸ்ஓவிலும் (ஒளி உணர்திறன் அளவு), 2010-ல் வந்த எக்ஸை 800-லும் வைத்து எடுப்பது வழக்கம். ஒரு ஸ்டாப்புக்கு மேல் லாபம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). பழையதை வாங்கிப் பிறகு மாற்றலாம் என்ற கணக்கு மட்டும் வேண்டாம்.

ஸ்டிக்கரை நம்பாதீர்கள். உங்கள் கண்முன் ஒரு கிளிப் எடுக்கச் சொல்லி, ரெட் நிறுவனத்தின் ரெட்சினி-எக்ஸ் மென்பொருளில் திறந்து மெட்டாடேட்டாவில் சென்சார் பெயரைப் பாருங்கள். கேமராவை அரைமணி நேரம் ஓடவிட்டுச் சூடேறியபின், லென்ஸ் மூடி போட்டு 800 ஐஎஸ்ஓ, 3200 கெல்வினில் இன்னொரு கிளிப். நீல சானலை மட்டும் பிரித்துப் பார்த்தால் நெடுக்குக் கோடு தெரிகிறதா? அந்தச் சூட்டிலேயே, மூடியோடு, பிளாக் ஷேடிங் (சென்சாரின் கறுப்பைச் சீராக்கும் அளவுதிருத்தம்) செய்யச் சொல்லுங்கள். அதற்கும் கோடு போகாவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.

புதுச் சென்சாரும் தீர்க்காத சங்கதி ஒன்று உண்டு. முற்றத்தில் வானத்து வெளிச்சம், வளவில் (முற்றத்தைச் சுற்றியுள்ள பகுதி) மஞ்சள் பல்பு என்று ஒரே ஃபிரேமில் இரண்டும் இருந்தால் எந்த ஒயிட் பேலன்ஸும் பாதிதான் சரியாகும். லென்ஸில் 80ஏ என்ற நீல ஃபில்டர் போட்டாலும் இரண்டும் சேர்ந்தே நீலமாகும். இரண்டு ஸ்டாப் வேறு போய்விடும். ஹாலஜனில் முழு நீல ஜெல் (விளக்கின் முன் கட்டும் வண்ணத் தாள்) கட்டினால் அந்த விளக்கின் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் ஜெல்லே தின்றுவிடும். 5600 கெல்வினுக்குத் திருப்பக்கூடிய, சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற அளவு) 95-க்கு மேலுள்ள எல்ஈடி இரண்டை வாடகைக்கு எடுப்பது மேல். விலை குறைந்த எல்ஈடி மினுக்கும். 24 ஃபிரேமில் ஷட்டரை 172.8 டிகிரி (1/50 நொடி) வையுங்கள், நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்குச் சரியாக வரும்.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய செட்டிநாட்டு முட்டைப் பூச்சுச் சுவர் பளபளவென்று வெள்ளையாகத் தெரிந்தாலும் அதை வைத்து ஒயிட் பேலன்ஸ் எடுக்காதீர்கள். பழைய பூச்சில் மஞ்சள் ஏறியிருக்கும். படம் நீலத்துக்குச் சாயும். கிரே கார்டை (ஒயிட் பேலன்ஸுக்கான சாம்பல் நிற அட்டை) நடிகர் முகத்தருகே பிடித்து எடுங்கள். வெயில் நேராக ஆத்தங்குடிக் கல்லில் (வண்ணத் தரை ஓடு) விழுந்தால் அந்தச் சிவப்பும் பச்சையும் தாடைக்கடியில் எகிறும். கெல்வினைத் திருகி அதைச் சரிசெய்ய முடியாது. ஃபிரேமுக்கு வெளியே உள்ள தரையில் கறுப்புத் துணி விரிக்கச் சொல்லுங்கள்.