ஐந்தா, ஆறா? சமோவாவின் ஃபியாமே பற்றிக் கேட்டவர்களுக்கு

பசிபிக் தீவுகளின் அரசியலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். பாதிக்கு மேல் வந்தவை சமோவாவின் முதல் பெண் பிரதமரைப் பற்றிய கேள்விகள். சரி, அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஃபியாமே நவோமி மாத்தாஃபா. இதில் எது பெயர்?

நவோமிதான் பெயர். ஃபியாமே என்பது பட்டம். சமோவாவில் ஒவ்வொரு பெருங்குடும்பத்துக்கும் 'மத்தாய்' எனப்படும் தலைவர் உண்டு. குடும்ப நிலம், ஊர்ப் பஞ்சாயத்து எல்லாம் அவரைச் சுற்றித்தான். மத்தாய் பட்டம் இல்லாதவர் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கவே முடியாது. 1990 வரை சாதாரண மக்களுக்கு ஓட்டே கிடையாது, பெரும்பாலும் மத்தாய்கள்தான் போடுவார்கள்.

அப்பா பிரதமர். அப்புறம் இதுவும் வாரிசு அரசியல்தானே?

ஆமாம், மழுப்ப வேண்டியதில்லை. அப்பா நாட்டின் முதல் பிரதமர், அம்மாவும் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். ஆனால் பட்டம் தட்டில் வைத்துக் கொடுக்கப்படவில்லை. 1975-இல் அப்பா இறந்ததும் அவருடைய பட்டங்களுக்காக வழக்கு மூண்டது. நவோமி அப்போது நியூசிலாந்தின் வெலிங்டனில் படித்துக்கொண்டிருந்தார். 1977-இல் படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்பி, நில மற்றும் பட்ட நீதிமன்றத்தில் வழக்கைப் பார்த்தார். அடுத்த வருடம் ஃபியாமே பட்டம் கைக்கு வந்தது. இருபதை ஒட்டிய வயது, அதுவும் பெண். அந்த ஊரில் அது சாதாரணமில்லை. 1985-இல் லோத்தோஃபாங்கா தொகுதியில் ஜெயித்தார்.

அந்த நீதிமன்றத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

துணைப் பிரதமராக இருந்தவர் ஏன் சொந்தக் கட்சியை விட்டுப் போனார்?

அதே நீதிமன்றத்துக்காகத்தான். 1991-இல் கல்வி அமைச்சரானார், சமோவா அமைச்சரவையில் முதல் பெண் அவர்தான். 15 வருடம் அந்தத் துறை. 2016-இல் துணைப் பிரதமர். 2020-இல் அப்போதைய பிரதமர் துய்லாயெபாவின் அரசு மூன்று மசோதாக்கள் கொண்டுவந்தது. நில, பட்ட வழக்குகளில் இனி உச்ச நீதிமன்றம் தலையிட முடியாது என்பது சாரம். இது சட்டத்தின் ஆட்சியையே ஆட்டிவிடும் என்று சொல்லி செப்டம்பரில் பதவி விலகினார். நிலத்தகராறு நீதிமன்றத்தின் வாசலில் இளமையைக் கழித்தவருக்கு மேல்முறையீட்டுக் கதவின் அருமை தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

2021 தேர்தலில் என்னதான் நடந்தது? எவ்வளவு படித்தாலும் குழப்பமாக இருக்கிறது.

குழப்பமானதுதான், நிதானமாகச் சொல்கிறேன். மொத்தம் 51 இடம். ஃபியாமே தலைமை ஏற்ற ஃபாஸ்ட் கட்சிக்கு 25, ஆளுங்கட்சிக்கு 25, சுயேச்சை ஒருவர். அவர் யார் பக்கம் போகிறாரோ அவர்களுக்கு ஆட்சி.

இந்த நேரத்தில் தேர்தல் ஆணையம் ஒரு கணக்குப் போட்டது. பெண்களுக்குக் குறைந்தது 10 விழுக்காடு என்பது 2013-இல் கொண்டுவந்த விதி. 51-இல் பத்து விழுக்காடு 5.1. ஜெயித்த பெண்களோ ஐந்து பேர். அந்தப் புள்ளி ஒன்றை எட்ட ஆறாவது பெண் வேண்டும் என்று சொல்லி, ஆளுங்கட்சியின் பெண் வேட்பாளர் ஒருவரை உள்ளே சேர்த்தார்கள். சுயேச்சை ஃபாஸ்ட்டில் சேர்ந்தும் 26க்கு 26, இழுபறி. பெண்களுக்காக வந்த சட்டம் முதல் பெண் பிரதமரின் வழியில் கட்டையைப் போட்டது! அரசியலமைப்பிலேயே அந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கை 'தற்போது ஐந்து' என்று எண்ணால் எழுதியிருந்தது வேறு. மே 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தக் கூடுதல் இடத்தை ரத்து செய்தது.

மே 24, நாடாளுமன்றம் கூட வேண்டிய நாள். கதவுக்குப் பூட்டு. தலைமை நீதிபதியே அங்கியோடு நடந்து வந்து கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வெளியே புல்வெளியில் கூடாரம் போட்டு ஃபியாமேயும் மற்றவர்களும் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். அது செல்லும் என்று ஜூலை 23-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லும்வரை ஃபியாமே, துய்லாயெபா இரண்டு பேரும் நான்தான் பிரதமர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1998 முதல் பதவியில் இருந்த துய்லாயெபா அதற்குப் பிறகுதான் இறங்கினார்.

பசிபிக்கில் முதல் பெண் தலைவர் இவரா?

தீவு நாடுகளில் முந்தியவர் மார்ஷல் தீவுகளின் ஹில்டா ஹைன். 2016-இல் அதிபர்.

ஆட்சியில் சாதித்தது என்ன?

வந்ததும் சீன உதவியோடு திட்டமிட்டிருந்த வாய்உசு துறைமுகத்தை நிறுத்தினார். சுமார் 10 கோடி டாலர் திட்டம். சீனாவுக்கு ஏற்கெனவே நிறையக் கடன் பாக்கி, இவ்வளவு பெரிய துறைமுகம் நமக்கு எதற்கு என்பது அவர் வாதம். அதே சமயம் சீனாவோடு சண்டைக்கும் போகவில்லை. 2024 அக்டோபரில் காமன்வெல்த் மாநாட்டைத் தலைநகர் ஆப்பியாவில் நடத்தினார். உள்ளூரில் மட்டும் சொந்தக் கட்சியைக் கட்டிக்காக்கத் தவறினார் என்பேன்.

இப்போது எங்கே இருக்கிறார்?

2025 ஜனவரியில் ஃபாஸ்ட்டின் நிறுவனர் லாவுலி மீது குற்றச்சாட்டுப் பதிவானது. அவரை ஃபியாமே அமைச்சரவையிலிருந்து நீக்கினார், கட்சி இவரையே நீக்கியது. நம்பிக்கையில்லாத் தீர்மானங்கள் இரண்டைத் தாண்டினார். மே மாதம் பட்ஜெட் தோற்றது, ஜூனில் நாடாளுமன்றம் கலைந்தது. ஆகஸ்டு 29 தேர்தலில் அவருடைய புதுக் கட்சிக்குக் கிடைத்தது மூன்றே இடம், லாவுலி பிரதமரானார். அந்த மூன்றில் ஒன்று லோத்தோஃபாங்கா.