மதுவம் படித்தால் வேலை கிடைக்குமா? பழுகாமத்து அண்ணனுக்கு ஒரு பதில்

அண்ணே, உங்கள் கடிதத்தில் முக்கியமாக இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. மகள் சொல்கிற "மதுவத்தில் இருந்து எண்ணெய்" (மதுவம் என்றால் ஈஸ்ட்தான்) கதை உண்மையா, புலுடாவா என்பது ஒன்று. அதைப் படிப்பிக்க வயல் காணியை ஈடு வைத்துக் கொழும்பில் தனியார் இடமொன்றுக்குக் காசு கட்டலாமா என்பது மற்றது. இரண்டாவதற்கு உடனே சொல்லிவிடுகிறேன்: காணியில் கை வைக்க வேண்டாம். முதலாவதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் மகளோடு சண்டை பிடிக்காமல் கதைக்கலாம்.

பிள்ளை சொல்வது உண்மைதான். பாணுக்குப் போடும் ஈஸ்ட் சீனியைத் தின்று மதுசாரமும் காபனீரொட்சைட்டும் தரும். லிப்போமைசிஸ், ரோடோட்டொருலா, யரோவியா என்று வேறு சில மதுவங்கள் இருக்கின்றன. அவை சீனியை எண்ணெயாக்கித் தங்கள் கலத்துக்குள்ளேயே சேர்த்து வைக்கும். உலர்நிறையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்த்தால்தான் எண்ணெய் மதுவம் என்ற பெயர். நல்ல இனங்கள் 60ஐயும் தாண்டும்.

எப்படி என்று கேட்டால், உங்களுக்கு வயல் தெரியும். யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் பச்சைப்பசேலென்று தழைக்கும், கதிரில் மணி பிடிக்காது. மதுவமும் அப்படித்தான். நைதரசன் இருக்கும் வரை பெருகிக்கொண்டே போகும். சீனி மிச்சமிருக்க நைதரசன் மட்டும் தீர்ந்துபோனால் புதுக் கலம் கட்ட வழியில்லை. கலம் உணவை எரித்துச் சக்தி எடுக்கும் கிரெப்சின் வட்டம் இடையில் தடைப்பட, சித்திரிக் அமிலம் அந்த வட்டம் நடக்கும் இழைமணியை விட்டு வெளியே வரும். அங்கே அது உடைந்து, கொழுப்புக்கு மூலப்பொருளான அசற்றைல் கோ-ஏ ஆகி, கொழுப்பமிலமாக மாறும். இந்த வரிகளை மகளிடம் காட்டுங்கள். உயர்தரத்தில் பாடமாக்கிய வட்டம் எங்கே பயன்படுகிறது என்று அவளுக்கு விளங்கும்.

ரோடோட்டொருலாவை ஏகார் கூழ் ஊற்றிய தட்டில் வளர்த்தால் கரட் நிறத்தில் பளபளவென்று படரும். எண்ணெய் முற்றிய கலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், நடுவில் பெரிய உருண்டை ஒன்று மற்ற உறுப்புகளை எல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு நிற்கும். கொழுப்பில் ஏறும் நைல் ரெட் என்ற சாயமிட்டு, அதற்குரிய ஒளியில் பார்த்தால் பொன்மஞ்சளாக ஒளிரும். உங்கள் பிள்ளை இதன் படத்தைப் பார்த்துத்தான் மயங்கியிருப்பாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. 1 கிலோ குளுக்கோசில் இருந்து கோட்பாட்டளவில் எடுக்கக்கூடியது ஏறத்தாழ 320 கிராம் எண்ணெய். நடைமுறையில் 200 கிராம் வந்தாலே நல்ல விளைச்சல். அதாவது 1 கிலோ எண்ணெய்க்கு 5 கிலோ சீனி. அதற்கு மேல் தொட்டி, ஓயாமல் காற்று அடிக்கும் இயந்திரம், மின்சாரம். கடை விலையை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

அதனால்தான் ஆராய்ச்சிக்காரர் மலிவான சீனியைத் தேடுகிறார்கள். நம்முடைய மட்டக்களப்புப் படுவான்கரையில் அறுவடை முடியக் கொளுத்துகிற வைக்கோலுக்குள் இருப்பதும் சங்கிலியாகக் கட்டுண்ட சீனிதான். வாழைச்சேனைக் கடதாசி ஆலை ஒரு காலம் வைக்கோலைக் கூழாக்கியது நினைவிருக்கும். அதற்கு நார் தேவைப்பட்டது. இங்கே அந்த நாரையும் உடைக்க வேண்டும். சூடும் அமிலமும் அல்லது காரமும், பிறகு நொதியங்கள். உடைக்கும்போது அசற்றிக் அமிலம், பேர்பியூரல் போன்றவையும் கூடவே வந்து மதுவத்தை நஞ்சூட்டும். வரும் சீனியில் கணிசமான பங்கு சைலோசு என்ற வேறு வகைச் சீனி. பாண் ஈஸ்ட் அதைத் தொடாது, லிப்போமைசிஸ் தின்னும்.

பின்லாந்தின் நெஸ்டே கொம்பனி 2012இல் வைக்கோல் போன்ற கழிவுகளில் இருந்து நுண்ணுயிர் எண்ணெய் எடுக்க பரீட்சார்த்த ஆலை ஒன்றைத் தொடங்கியது. இன்றும் அவர்களுடைய டீசலுக்குப் பாவித்த சமையல் எண்ணெயும் மிருகக் கொழுப்புமே பெரிதும் போகின்றன. விலையுயர்ந்த எண்ணெய்களில்தான் மதுவத்துக்கு வழி திறந்தது. அமெரிக்காவின் டூபொன்ட் கொம்பனி யரோவியாவின் மரபணுவை மாற்றி, மீனெண்ணெயில் உள்ள ஒமேகா-3ஐ எடுத்தது. நியூயோர்க்கின் சி16 பயோசயன்சஸ் என்ற கொம்பனி பாம் எண்ணெய்க்குப் பதிலாக மதுவ எண்ணெயை அழகுசாதனப் பொருள்களுக்கு விற்கிறது.

ஆகவே மகளிடம் நான் சொல்வது இதுதான்: "மதுவ எண்ணெய்" என்ற பெயரில் பட்டம் தேடாதே, நுண்ணுயிரை வளர்த்துப் பொருள் எடுக்கும் நொதித்தல் என்ற தொழிலைக் கற்றுக்கொள். அப்படியொரு எண்ணெய் ஆலை நம்முடைய மாவட்டத்தில் இல்லை. ஆனால் மதுவத்தைச் சுத்தமாக வளர்க்கவும் அளக்கவும் தெரிந்தவருக்குக் கதவுகள் பல. அம்பாறைப் பக்கம் ஹிங்குராணயில் கரும்பு மொலாசஸைப் புளிக்க வைத்து மதுசாரம் வடிக்கிறார்கள். பால் பதனிடும் ஆலை, மீன் ஏற்றுமதி நிறுவனம், குடிநீர்ப் பரிசோதனைக் கூடம் எல்லாவற்றுக்கும் நுண்ணுயிரியல் தெரிந்த ஆள் தேவை.

மருத்துவ பீடத்துக்குப் புள்ளி எட்டவில்லை என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டை எடுத்து இருவருமாக இருந்து பாருங்கள். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம் இருக்கிறது. தாவரவியலும் இரசாயனமும் எடுத்து, இறுதி ஆண்டு ஆய்வை மதுவத்தில் செய்யலாம். களனிப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலுக்கென்றே தனித் துறை உண்டு. விவசாய பீடத்தையும் தள்ளிவிட வேண்டாம். அவளுக்கு மொறட்டுவை, பேராதனையின் இரசாயனப் பொறியியல் கிடைக்காது, அதற்கு இணைந்த கணிதம் வேண்டும். அரசாங்கக் கம்பஸில் படிப்புக் கட்டணம் இல்லை, தகுதி இருந்தால் மகாபொல உதவித்தொகையும் கிடைக்கும். பிறகு எதற்குக் காணி?

எண்ணெய் மதுவம்தான் வேண்டுமென்று பிடிவாதமாக நின்றால், அதன் இடம் மேற்படிப்பு. சுவீடனின் உப்சாலாவில் உள்ள விவசாயப் பல்கலைக்கழகத்தில் இதே வேலை நடக்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் பெரிய மதுவச் சேகரிப்பு ஒன்றை வைத்திருக்கிறது. இத்தகைய இடங்களில் கலாநிதிப் படிப்புக்கு இடம் கிடைத்தால் பெரும்பாலும் அவர்களே மாதப்படி தருவார்கள். கேட்பது நல்ல வகுப்புச் சித்தி, ஆங்கிலம், கையால் செய்த ஆய்வு. ஆங்கிலத்தை இன்றே தொடங்கச் சொல்லுங்கள். கம்பஸில் முதல் வருடம் நம்முடைய பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான்.

அதுவரை வீட்டில் ஒரு வேலை கொடுங்கள். அப்ப மாவைக் கள்ளு விட்டு ஒரு சட்டியிலும், ஈஸ்ட் போட்டு இன்னொரு சட்டியிலும் புளிக்க வைத்து, மணிக்கு மணி எவ்வளவு பொங்கியது, வெக்கை எவ்வளவு என்று கொப்பியில் எழுதட்டும். நாலைந்து தரம் அலுக்காமல் செய்தால் இந்தத் தொழில் அவளுக்குப் பிடிக்கும். இரண்டாம் நாளே கொப்பியை அம்மாவிடம் கொடுத்தால் யோசிக்க வேண்டும்.

ஆசிரியர் பயிற்சி தரும் தாழங்குடா கல்வியியற் கல்லூரிக்கும் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். கையில் இன்னொன்று இருப்பதில் தப்பில்லை. ஆனால் அதற்காகக் கம்பஸ் விண்ணப்பத்தை விட்டுவிடாதீர்கள்.

பொம்பிளைப் பிள்ளை இரவில் ஆய்வுகூடத்தில் நிற்க வேண்டி வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். வரும். எண்ணெய் சேர நாலைந்து நாள் எடுக்கும். இடையில் மாதிரி எடுக்கத் தவறினால் முழு ஆய்வும் வீண். பெரும்பாலும் இரண்டு மூன்று பேராக முறை வைத்து நிற்பார்கள். விடுதி பக்கத்தில் இருக்கிறதா என்று பதிவுக்குப் போகிற அன்றே விசாரியுங்கள்.