தினமும் ஓட்டும் காருக்கு பிரேக் டிஸ்க், பேட் மாற்றும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

வீலோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க், பிரேக் மிதித்தால் அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பது பேட். இவற்றைப் பற்றி மூன்று சந்தேகம் கேட்டிருக்கிறீர்கள். பேட் ஒரிஜினலாகத்தான் வாங்க வேண்டுமா, செராமிக் நல்லதா, ஓட்டை போட்ட டிஸ்க் மாட்டினால் பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்குமா. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், இரண்டு ஜோடி டிஸ்க்குக்குக் காசு கொடுத்து நான் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த டிஸ்க் வாங்குகிறீர்கள் என்பதைவிட, அது எப்படி மாட்டப்படுகிறது என்பதில்தான் பாதிக்கு மேல் இருக்கிறது.

என்னுடையது 2015 ஸ்விஃப்ட். வாரத்தில் ஆறு நாள் கோவைக்குள் ஓடும், மாதம் ஒரு தடவை மாமனார் வீட்டுக்கு வால்பாறை. 70 ஆயிரம் கி.மீ. தாண்டியதும் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் ‘டிஸ்க் பெண்டு ஆயிடுச்சு’ என்று சொல்லி, முன்பக்கம் இரண்டு டிஸ்க்கும் பேட் செட்டும் புதிதாகப் போட்டார்கள். உதறல் நின்றது. ஐயாயிரம் கி.மீ. கூட ஓடவில்லை, குழந்தைகளோடு ஆழியாருக்கு இறங்கி வரும்போது அதே உதறல் மறுபடியும். டிஸ்க் செய்த கம்பெனி மேல்தான் எனக்குக் கோபம்.

பொள்ளாச்சியில் ஒரு பெரியவர் சின்ன ஷெட் வைத்திருக்கிறார். அவரிடம் காட்டினேன். வீலைக் கழற்றி, நட்டை மட்டும் திரும்பப் போட்டு டிஸ்க்கை இறுக்கினார். நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் டயல் கேஜின் முனையை டிஸ்க் முகத்தில் வைத்து, டிஸ்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றினார். முள் ஒரு இடத்தில் ஏறியது, எதிர்ப்பக்கம் வந்ததும் இறங்கியது. 0.12 மில்லிமீட்டர் ஆட்டம். பிறகு டிஸ்க்கைக் கழற்றி, அது உட்காரும் ஹப்பைக் காட்டினார். போல்ட்டுகளைச் சுற்றித் துரு செதில் செதிலாகப் படிந்திருந்தது. அதன் மேலேயே புது டிஸ்க்கை மாட்டியிருக்கிறார்கள்.

“தம்பி, டிஸ்க்கு மேல தப்பு இல்லீங்க. அது உக்கார்ற எடத்தப் பாருங்க” என்றார். எமரி ஷீட்டை மடித்து, ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்தார். இன்னொரு புது டிஸ்க்கை மாட்டி மறுபடி சுற்றியபோது முள் 0.03-ஐத் தாண்டவில்லை.

அப்படியானால் முதல் நாளே ஏன் உதறவில்லை என்று கேட்டேன். டிஸ்க் கோணலாகச் சுற்றினால், பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும் மேடான இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடில் லேசாக உரசும். அந்த இடம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். சில ஆயிரம் கி.மீ. கழித்து ஒரே டிஸ்க்கில் ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிவு. அந்த வித்தியாசம் 0.02 மில்லிமீட்டர் அளவுக்கு வந்தாலே உங்கள் கால் அதை உணரும். ‘பெண்டு’ என்று சொல்லி மாற்றப்படும் டிஸ்க்குகளில் பல இப்படித் தேய்ந்தவைதான். வீல் நட்டை ஏர் கன்னில் தாறுமாறாக முறுக்கினாலும் டிஸ்க் இதே மாதிரி கோணும். எதிரெதிர் நட்டாக, டார்க் ரெஞ்சில் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) முறுக்கச் சொல்லுங்கள்.

இனி டிஸ்க் தேர்வு. முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். டிஸ்க்கின் ஓரத்திலோ நடுவில் எழும்பிய பகுதியிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். பெரும்பாலும் புது டிஸ்க்கைவிட 2 மில்லிமீட்டர் வரைதான் குறைவாக இருக்கும். அளந்து பார்த்து, லேத்தில் கடைந்த பிறகும் அந்த அளவுக்கு மேல் மிஞ்சுமென்றால் கடைந்துகொள்ளலாம். மிஞ்சாது என்றால் மாற்றிவிடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து.

வாங்கும்போது கம்பெனி கொடுத்த அதே அளவு, ஓட்டையோ கோடோ இல்லாத சாதா வார்ப்பிரும்பு டிஸ்க் போதும். ஓட்டை போட்டதில் சூட்டை வாங்கிக்கொள்ளும் இரும்பு குறைகிறது, விரிசலும் அந்த ஓட்டை ஓரத்தில்தான் தொடங்கும். கோடு போட்டது பேடைச் சீக்கிரம் தின்னும், சத்தமும் போடும். வீட்டுக் காருக்கு இரண்டும் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பேட் ஒரிஜினலே, அதாவது கார் கம்பெனி பெயரில் வருவதே வாங்குங்கள். அல்லது கார் கம்பெனிகளுக்கே பிரேக் சாமான் செய்து கொடுப்பவர்களின் பேட் வாங்கலாம்: சென்னை பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா, ரானே, பாஷ் மாதிரி. எது வாங்கினாலும் பில் போடும் கடையில் வாங்குங்கள், டூப்ளிகேட் பெட்டி அச்சு அசலாக இருக்கும். பல பேடுகளின் ஓரத்திலோ பின்புறத்திலோ நீளமான ஒரு குறியீடு இருக்கும், அதன் கடைசி இரண்டு ஆங்கில எழுத்தைக் கவனியுங்கள். முதல் எழுத்து சூடேறாதபோது உராய்வு எவ்வளவு, அடுத்தது சூடேறிய பிறகு எவ்வளவு. ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45, ‘ஜி’ என்றால் அதற்கும் மேல். ‘எஃப்எஃப்’ தினசரி ஓட்டத்துக்குத் தாராளம். இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே இறங்கியிருந்தால் (‘எஃப்ஈ’ மாதிரி), மலைப்பாதை போகிறவர்கள் அதை வாங்க வேண்டாம்.

செராமிக் பேட் சத்தம் போடாது, வீலில் கரித்தூள் குறைவு. டவுனுக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு நல்லதுதான். ஆனால் விலை மலிவாக ‘செராமிக்’ என்று பெட்டியில் மட்டும் போட்டு விற்பதை நம்பாதீர்கள். நான் ஒரிஜினலிலேயே நின்றுவிட்டேன், காரணம் வால்பாறை ரோடு. 40 கொண்டை ஊசி வளைவு. 700 மீட்டர் உயரம் இறங்குகிறோம் என்று வைத்துக்கொண்டால், முழுக்க பிரேக்கிலேயே இறக்கினால் அது 60 கி.மீ. வேகத்திலிருந்து ஏறத்தாழ 50 முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். அந்தச் சூட்டை எந்த பேடும் விரும்பாது. இரண்டாவது கியரில் இறங்குங்கள், தேவைப்பட்டால் முதல் கியர்.

மாற்றும்போதே, பேடை அழுத்தும் காலிபர் நகர்வதற்கான பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்கென்று வரும் சிலிகான் கிரீஸ் போடச் சொல்லுங்கள். பின் இறுகினால் உள்பக்க பேட் ஒரு மாதிரியும் வெளிப்பக்க பேட் ஒரு மாதிரியும் தேயும். புது டிஸ்க்கில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி வரும், பிரேக் கிளீனரில் கழுவாமல் பேடை வைத்தால் பேட் கெட்டுப்போகும். பழைய தூசியை ஏர் அடித்துப் பறக்கவிட வேண்டாம், நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் ஆயில் இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் இழுத்த பிறகு அந்த வரம்பு 155-க்கு வந்துவிடும்.

மாட்டி முடித்ததும் பேடைப் பழக்க வேண்டும். நான் விடிகாலை ஐந்து மணிக்கு, பின்னால் வண்டி வராத நேரம் பார்த்துப் பொள்ளாச்சி ரோட்டுக்குப் போனேன். 60-லிருந்து 15 வரை மிதமாகப் பிடித்து, நிற்காமல் திரும்ப வேகம் எடுத்து, இப்படிப் பத்து முறை. ஏழெட்டாவது தடவை தீய்ந்த வாடை வந்தது, அது வரும், பயப்பட வேண்டாம். பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமலே ஓட்டி ஆற விட்டேன். சூடான டிஸ்க்கோடு நின்று பெடலை மிதித்தபடியே இருந்தால் பேடின் தடம் அந்த ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும், உதறல் அங்கிருந்தே திரும்பவும் தொடங்கும். வீட்டுக்கு வந்து வீல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன். டிஸ்க் முழுவதும் திட்டு இல்லாமல் ஒரே சாம்பல் நிறம். 28 ஆயிரம் கி.மீ. ஓடிவிட்டது, இதுவரை ஸ்டியரிங் உதறவில்லை.